வள்ளல் ஜார்ஜ் பீபாடியார்: ஏழையர் மனைக்கு ஈந்த பொருள்

செல்வம் சேர்த்தோர் உலகில் எண்ணற்றோர். சேர்த்த செல்வத்தைப் பிறர்க்கு ஈந்தோர் சிலர். ஈந்த பொருள் எவரைச் சென்று அடைந்தது, எவரை எட்டாமல் நின்றது என்று பின்வருவோர் ஆராய்ந்து பார்க்கத்தக்க வகையில் விதியும் கணக்கும் வகுத்து ஈந்தோர் மிகச் சிலரே. அம்மிகச் சிலருள் ஒருவர், அமெரிக்காவில் வறிய குடியிற் பிறந்து, லண்டன் மாநகரில் வாணிகம் செய்து, அந்நகரத்து ஏழைத் தொழிலாளர் நலமுடன் குடியிருக்க 5 லட்சம் ஆங்கிலப் பவுன் அளித்த ஜார்ஜ் பீபாடியார் ஆவார். அவர்தம் சரித்திரத்தை நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நம்மில் பெரும்பாலோர் ஆலை லைன்களிலும் நகரத்துச் சேரிகளிலும் பிறந்து வளர்ந்தவர்கள். ஒரு குழாயடியில் ஒரு தெருவே குடத்தோடு காத்து நிற்பதும், மழை பெய்தால் சாக்கடை நீர் வீட்டுக்குள் புகுவதும், பெண்டிர் இருட்டும் வரை காத்திருந்து வெளிக்குச் செல்வதும் நாம் நூலிற் படித்து அறியவேண்டிய செய்திகள் அல்ல. இத்துன்பங்களை நீக்க வேண்டும் என்று நிதி திரட்டுவோர் இன்றும் உளர்; நிதி தருவோரும் உளர். தருமப் பணத்தால் இது எவ்வளவு கைகூடும், எங்கே தவறிப்போகும் என்பதை அறிய விரும்புவோர் பீபாடியாரின் வாழ்வை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இளமையும் வாணிகமும்

பீபாடியார் 1795ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாகாணத்தில் தென் டான்வர்ஸ் என்னும் சிற்றூரில் தோன்றினார். குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. பள்ளியில் அவர் கற்றது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளே. 11ஆம் வயதில் உள்ளூர்ப் பலசரக்குக் கடையொன்றில் வேலை பழகும் சிறுவனாக விடப்பட்டார். கடையைப் பெருக்குதல், சரக்கை நிறுத்தல், கணக்கு எழுதுதல் ஆகியவற்றை அங்கே கற்றார். கல்லூரிப் படிப்பு இல்லாத அவருக்கு அக்கடையே கல்லூரி ஆயிற்று.

1811ஆம் ஆண்டு தந்தையார் காலமானார். அவ்வாண்டிலேயே, பீபாடியார் தம் தமையனாருடன் வாணிகம் பழகிக்கொண்டிருந்த நியூபரிபோர்ட் நகரைப் பெருந்தீ பற்றி அழித்தது. பிழைப்பிழந்த இளைஞர் தெற்கே சென்று, வாஷிங்டன் நகருக்கு அருகில் கடை வைத்தார். தாயையும் உடன்பிறந்தோரையும் தாங்கும் பொறுப்பு அவர் தோள்மேல் விழுந்தது. 1814ஆம் ஆண்டில் எலிஷா ரிக்ஸ் என்னும் வணிகர் அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். பின்னர் பால்டிமோர் நகரில் அவர்கள் துணி வாணிகம் தழைத்தது.

சரக்குக் கொள்முதலுக்காக 1827இல் முதன்முறை இங்கிலாந்து சென்ற பீபாடியார், 1837இல் லண்டனிலேயே நிலையாகத் தங்கினார். துணி வாணிகத்திலிருந்து மெல்ல மெல்லப் பாங்கித் தொழிலுக்கு மாறினார். அமெரிக்க மாகாணங்கள் கால்வாயும் இருப்புப் பாதையும் அமைக்கக் கடன் பத்திரங்கள் வெளியிட்டன. அவற்றை ஐரோப்பியச் செல்வர்களிடம் விற்றுத் தருவதே அவர் தொழில். 1857ஆம் ஆண்டு வாணிக உலகில் பெரும் நெருக்கடி தோன்றி, அவர் பாங்கி விழுந்துவிடும் நிலைக்கு வந்தது. இங்கிலாந்து பாங்கி 8 லட்சம் பவுன் வரை கடன் கொடுக்க முன்வந்தமையால் அது தப்பியது. 1854இல் அவருக்குக் கூட்டாளியாக வந்த ஜூனியஸ் மார்கன், 1864இல் பீபாடியார் ஓய்வு பெற்றபின் அந்நிறுவனத்தைத் தம் பெயரில் நடத்தினார். உலகப் புகழ்பெற்ற மார்கன் பாங்கிகளின் வேர் இதுவேயாகும்.

வள்ளலின் பெருமையைக் கூறும் நாம் அவர் பொருள் வந்த வழியையும் மறைத்தல் ஆகாது. அக்காலத்து அமெரிக்கப் பருத்தி, விலைக்கு வாங்கப்பட்ட கருப்பு மக்களின் உழைப்பால் விளைந்தது. அப்பருத்தியும் அதனால் நெய்த துணியும் கடல் கடந்து வந்து போன வாணிகத்தில்தான் அந்நாளைய அமெரிக்க வணிகர் பலரும் பெருகினர். பீபாடியாரின் செல்வத்திலும் அவ்வியர்வையின் பங்கு கலந்தே இருந்தது. நூலாலையில் நின்று பழகிய நமக்கு, பருத்தி எவர் கைகளைக் கடந்து பணமாகிறது என்பது தெரியாததன்று.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. லண்டனில் தமக்கென மாளிகை எழுப்பிக்கொள்ளவும் இல்லை. வாடகை அறைகளிலேயே காலம் கழித்தார். தமக்குச் செலவிடுவதில் கைசுருங்கியவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. பிறந்த ஊரின்மேல் அவருக்கிருந்த பற்று மிகப் பெரிது. 1852இல் அவ்வூர் மக்களுக்கு நூல்நிலையமும் சொற்பொழிவு மன்றமும் அமைய 20,000 டாலர் அனுப்பினார். தமக்குக் கிட்டாத கல்வி பிறர்க்கேனும் கிட்டட்டும் என்னும் எண்ணமே அவருடைய கொடைகளின் தொடக்கம்.

லண்டன் நகரத்தின் நிலை

அந்நாளில் லண்டன் உலகிலேயே பெரிய நகரம். 1861ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு 28 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். கப்பல் துறைக்கும் ஆலைக்கும் பட்டறைக்கும் வேலை தேடி வந்தவர்களுக்குக் குடியிருக்க இடம் இல்லை. ஒரே அறையில் ஒரு குடும்பம், சில இடங்களில் இரண்டு குடும்பம். நிலத்துக்கு அடியிலுள்ள காற்றில்லாத அறைகளிலும் மக்கள் கிடந்தனர். இருப்புப் பாதை போடுவதற்காக ஏழைகளின் தெருக்களையே இடித்தமையால் எஞ்சிய தெருக்களில் நெருக்கடி மேலும் மிகுந்தது.

தண்ணீர் தனியார் கம்பெனிகளின் கையில் இருந்தது. ஏழைகள் வாழும் சந்துகளில் பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரு குழாய். அதிலும் நாள்தோறும் சிறிது நேரமே நீர் வரும். வீட்டின் பின்புறத்தில் மலக்குழி. அக்குழி நிரம்பினால் கசிவு பக்கத்துக் கிணற்றில் கலக்கும். 1832இல் காலரா என்னும் வாந்திபேதி அந்நகரில் நுழைந்தது. 1848, 1849ஆம் ஆண்டுகளில் மீண்டும் வந்து லண்டனில் ஏறத்தாழ 14,000 உயிர்களைக் கொண்டுசென்றது. 1854இல் அது திரும்பவும் வந்தபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் பிராட் தெருவில் ஒரு பொதுக் குழாயைச் சுற்றி இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, நோய் தண்ணீரால் பரவுகிறது என்பதைக் காட்டினார். தேம்ஸ் நதியோ நகரத்து மலம் முழுவதையும் சுமந்தது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் நாற்றம் பாராளுமன்ற மண்டபத்துக்குள்ளேயே புகுந்தது. அதன் பின்னரே பெருஞ்சாக்கடைகள் தோண்டப் பணம் ஒதுக்கினர். பாசல்கெட் என்னும் பொறியாளர் அப்பணியை முடித்தார்.

சாக்கடை தெருவுக்கு அடியில் வந்தது. ஆனால் ஏழையின் வீட்டுக்குள் குழாயும் கழிப்பிடமும் வைத்துத் தருவார் எவர்? வீட்டுக்காரன் வாடகை வாங்குவானேயன்றிச் செலவு செய்யான். அரசாங்கமோ அது தன் கடமை என்று அன்று ஒப்புக்கொள்ளவில்லை. இவ்விடைவெளியில்தான் தருமப் பணத்துக்கு வேலை இருந்தது.

எதைக் கொடுப்பது?

தாம் செல்வம் பெற்ற நகரத்துக்கு நன்றிக்கடன் செலுத்த எண்ணிய பீபாடியார், முதலில் தெருக்கள்தோறும் குடிநீர்க் குழாய் மேடைகள் கட்டலாமா என்று கருதினார். 1859இல் லண்டனில் அத்தகைய குடிநீர் மேடைகள் கட்டும் சங்கம் ஒன்று தோன்றியிருந்த காலம் அது. அடுத்து, கந்தைப் பள்ளிகள் என்று வழங்கிய ஏழைப் பிள்ளைகளின் இலவசப் பள்ளிகளுக்கு அளிக்கலாம் என்று நினைத்தார். அப்பள்ளிகளுக்குத் தலைவராக இருந்த ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் கருத்தைக் கேட்டனர். அவர் தம் பள்ளிகளுக்கே அப்பணத்தை வாங்கிக்கொண்டிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. ஏழைக்கு முதலில் வேண்டுவது நல்ல வீடு என்று கூறினார். குழந்தை பள்ளியில் பாடம் கற்றாலும், மாலையில் மலக்குழியின் மேல் உள்ள அறைக்குத்தானே திரும்புகின்றது!

இங்கு நம் அன்பர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று உளது. கொடுக்க விரும்பியவர் தம் மனத்துக்குத் தோன்றியதைக் கொடுத்துவிட்டுப் போகாமல், ஏழைகளோடு பழகியவரிடம் கேட்டார். கேட்டு, தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆனால் அவர் கேட்டது பிரபுவிடம். அச்சந்தில் குடியிருப்பவரிடம் அன்று. இக்குறையின் பயன் என்ன என்பதைப் பின்னர்க் காண்போம்.

கொடையும் அதன் விதிகளும்

1862ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் எழுதிய கடிதத்தின் வாயிலாகப் பீபாடியார் 1,50,000 பவுனை ஒப்படைத்தார். 1866இல் 1 லட்சமும், 1868இல் 1 லட்சமும் சேர்த்தார். இறக்கும்போது மரண சாசனத்தால் மேலும் 1,50,000 விட்டுச்சென்றார். மொத்தம் 5 லட்சம் பவுன்.

கடிதத்தில் அவர் வைத்த விதிகள் முக்கியமானவை. இந்நிதி லண்டன் ஏழைகளின் நிலையை உயர்த்தவே பயன்பட வேண்டும். இதனை நடத்துவதில் எந்த மதப்பிரிவுக்கும் எந்த அரசியற் கட்சிக்கும் சார்பு இருத்தல் கூடாது. உதவி பெறுவோர்க்கு வேண்டும் தகுதி ஏழ்மையும், நல்லொழுக்கமும், லண்டனில் பிறந்தோ வாழ்ந்தோ இருத்தலும் மட்டுமே. கோயிலுக்கு வந்தால் கஞ்சி, ஞானஸ்நானம் பெற்றால் சேர்க்கை என்ற வகையில் தருமங்கள் நடந்த காலத்தில், எந்தச் சமயத்தாரும் வரலாம் என்று எழுதிவைத்த வள்ளலை நாம் எவ்வளவு போற்றினும் தகும்.

நிதியை நடத்த அவர் நியமித்த தருமகர்த்தாக்கள் அமெரிக்கத் தூதர் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ், ஸ்டான்லி பிரபு, வணிகர் கர்ட்டிஸ் லாம்ப்சன், ஜூனியஸ் மார்கன், சர் ஜேம்ஸ் எமர்சன் டென்னெண்ட் ஆகியோர். இவர்களுள் டென்னெண்ட், 1845 முதல் 1850 வரை இலங்கை அரசாங்கத்தில் காலனிச் செயலராக இருந்தவர். அத்தீவைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். தூதரும் பிரபுவும் பாங்கிக்காரரும் அம்மேசையைச் சுற்றி அமர்ந்தனர். அவ்வீடுகளில் குடியேறவிருந்த தொழிலாளி ஒருவரும் அங்கு அமரவில்லை.

மனைகள் எழுந்தன

முதல் மனை, கிழக்கு லண்டனில் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியின் கமர்ஷியல் தெருவில் 1864ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பட்டது. டார்பிஷையர் என்னும் சிற்பி அதற்குப் படம் வரைந்தார். 57 குடியிருப்புகள், கீழ்த்தளத்தில் கடைகள், மேல்தளத்தில் குளிக்கவும் துணி துவைக்கவும் இடம். இரண்டு குடும்பங்களுக்கு ஒன்றாக, படிக்கட்டின் அருகில் நீர்விட்டுக் கழுவும் கழிப்பிடங்கள். அடுத்துக் கட்டிய மனைகளில் நடுவே முற்றம் விட்டு நாற்புறமும் வீடுகளை எழுப்பினர். முற்றத்தில் குழந்தைகள் வண்டி மாட்டுப் பயமின்றி விளையாடினர். ஒவ்வொரு மாடியிலிருந்தும் குப்பையைக் கீழே தள்ளுதற்குக் குழல் அமைத்தனர். சுவரில் காகிதம் ஒட்டக் கூடாது. அதன் இடுக்கில் மூட்டைப்பூச்சி பெருகும் என்பதால் செங்கற் சுவரை வெறுமையாக விட்டனர். பார்வைக்குச் சிறைச்சாலை போலிருக்கிறது என்று பழித்தவரும் உண்டு. ஆயினும் வெளிச்சமும் காற்றும் நீரும் அங்கே இருந்தன.

மனைகளை இலவசமாகத் தரவில்லை. சிறிய வாடகை வாங்கினர். அவ்வாடகையில் பழுதுபார்க்கும் செலவு போக, முதலுக்கு நூற்றுக்குச் சுமார் 3 என்ற அளவில் மிஞ்சியது. அம்மிச்சத்தைக்கொண்டு புதிய மனை கட்டினர். ஒருமுறை கொடுத்துத் தீர்ந்துபோகும் அன்னதானம் போலன்றி, தானே வளரும் மரமாக அந்நிதி ஆயிற்று. 1882ஆம் ஆண்டுக்குள் 3,500 குடியிருப்புகளில் 14,600 மக்கள் வாழ்ந்தனர். 1891இல் ஆர்தர் நியூஸ்ஹோம் என்னும் மருத்துவர் இம்மனைகளின் பிறப்பு இறப்புக் கணக்கை ஆராய்ந்து, லண்டனின் பொதுக்கணக்கைவிட இங்கே சிசுக்கள் இறப்பது குறைவு என்று கண்டார். கட்டடம் அழகோ அழகில்லையோ, பிள்ளை பிழைத்தது என்பதே தாய்க்கு வேண்டும் சான்று.

முறைவைத்துக் கூட்டினர்

அம்மனைகளில் குடியிருப்போர்க்கு அச்சிட்ட விதிகள் இருந்தன. குடும்பத்தார் அனைவரும் பெரியம்மைக்கு அம்மைப்பால் குத்திக்கொண்டாலன்றி இடம் கிடையாது. தொற்றுநோய் கண்டால் நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். இவ்விதிகளுள் நம் மனத்தை மிகவும் தொட்டது ஒன்று. நடைவழி, படிக்கட்டு, கழிப்பிடம் ஆகியவற்றை நாள்தோறும் காலை 10 மணிக்கு முன் பெருக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் கழுவ வேண்டும். இதனைக் குடியிருப்போரே முறைவைத்துச் செய்ய வேண்டும்.

அன்பர்களே, இச்சொற்றொடரை நாம் ஆற அமரச் சிந்திக்க வேண்டும். இந்த வாரம் தச்சன் வீட்டார், அடுத்த வாரம் அச்சுக்கோப்பவன் வீட்டார், அதற்கடுத்த வாரம் காவலன் வீட்டார் என்று முறை சுற்றிக்கொண்டே வரும். கழிப்பிடம் கழுவுவதற்கென்று பிறந்த குலம் ஒன்று அங்கே இல்லை. நம் நாட்டிலோ, நகரசபைகள் தோன்றிய காலம்தொட்டு, பணம் ஒதுக்கிக் கக்கூசு கட்டினார்கள். கட்டியதும் அதனைக் கழுவ எந்தத் தெருவிலிருந்து ஆள் வரவேண்டும் என்பதை எவரும் எழுதாமலே முடிவு செய்தார்கள். நாம் ஆலையில் வேலை செய்த நாட்களில் குடியிருந்த லைனிலும் அவ்வாறே. ஒரே தறிக்கூடத்தில் ஒரே கூலிக்கு நின்ற தொழிலாளர், லைனுக்குத் திரும்பியதும் சாதியால் பிரிந்தனர். கழிப்பிடத்தைத் துப்புரவு செய்ய ஒரு வகுப்பாரையே எதிர்பார்த்தனர். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும், 2013இல் மற்றொரு சட்டமும் இந்திய நாட்டில் இயற்றப்பட்டன. அதன் பின்னரும் சாக்கடைக் குழியில் இறங்கி மூச்சடைத்து மாண்டவர் பலர். அவர்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்று நாம் கேட்டறிய வேண்டியதில்லை.

வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவனை, ஆனந்தர் கொண்டுவந்த நீரைப் பகவன் புத்தர் தம் திருக்கரத்தாலேயே ஊற்ற, ஆனந்தர் கழுவினார் என்று விநய நூல் கூறுகின்றது. துப்புரவு இழிதொழில் அன்று. அதனை ஒருவன் தலையில் மட்டும் கட்டுவதே இழிவு. பீபாடி மனைகளின் விதியை எழுதியவர்கள் பௌத்தர் அல்லர். ஆயினும் நோயற்ற குடியிருப்புக்குப் பணமும் குழாயும் மட்டும் போதா, வேலையும் சமமாகப் பங்கிடப்பட வேண்டும் என்பதை அவ்விதி நமக்குக் கற்பிக்கின்றது.

வாயிலுக்கு வெளியே நின்றவர்

இனி மறுபக்கத்தையும் கூறுவோம். வாடகையை வாரந்தோறும் முன்பணமாகச் செலுத்த வேண்டும். பாக்கி வைத்தல் கூடாது. நிலையான வேலை உடையவர் என்பதற்கு முதலாளியின் சான்று வேண்டும். கப்பல் துறையில் ஒரு நாள் வேலையும் இரு நாள் பட்டினியுமாக வாழும் கூலிக்காரன் இச்சான்றை எங்கே பெறுவான்? பிறர் துணியை வீட்டில் வாங்கி வெளுத்தல் கூடாது என்றும் விதி. கணவனை இழந்து, வெளுத்துக் கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிய பெண் அவ்விதியால் வெளியே நின்றாள். கழுதையும் வண்டியும் வைத்துக் காய்கறி விற்பவனுக்கு அவற்றை நிறுத்த இடம் இல்லை. இரவு 11 மணிக்கு வெளிக்கதவைப் பூட்டினர். ஆக, உள்ளே இடம் பெற்றவர் பெரும்பாலும் வாரக்கூலி தவறாத தொழிலாளரே. ஏழைகளுள் ஏழைகள் மதிலுக்கு வெளியே நின்றனர்.

பீபாடியார் மறைந்தபின் இக்குறை பெரிதாயிற்று. 1875ஆம் ஆண்டில் சேரிகளை இடித்து அகற்றும் சட்டம் ஒன்று வந்தது. அதன்படி நகர வாரியம் பல சேரிகளை விலைக்கு வாங்கி இடித்து, அந்நிலத்தின் பெரும்பகுதியைக் குறைந்த விலைக்குப் பீபாடி அறநிலையத்துக்கு விற்றது. அங்கே நல்ல மனைகள் எழுந்தன. ஆனால் இடிக்கப்பட்ட குடிசைகளில் இருந்தவர்களில் மிகப் பலரால் அம்மனைகளில் குடியேற இயலவில்லை. அவர்கள் பக்கத்துச் சந்துகளில் போய் நெருக்கினர். அச்சந்துகள் புதிய சேரிகள் ஆயின. தொழிலாளர் வீட்டுவசதியை ஆராய 1884இல் அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழுவின் முன் இச்செய்தி வெளிவந்தது. ஒருவனுக்கு வீடு கொடுக்க மற்றொருவனின் குடிசையை இடித்தால், தருமத்தின் கணக்குப் புத்தகத்தில் வரவு மட்டுமே எழுதப்பட்டுச் செலவு எழுதப்படாமற் போகின்றது.

விதியை எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர். நிதி அழியாமல் நிற்க வாடகை தவறக்கூடாது என்று அஞ்சினர், அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் நாட்கூலிக்காரன் ஒருவனோ வெளுக்கும் பெண் ஒருத்தியோ அம்மேசையில் அமர்ந்திருந்தால், வாடகையை நாள்தோறும் சிறிது சிறிதாக வாங்கலாம், மேல்தளத்துத் துவைக்கும் இடத்தில் பிறர் துணிக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம் என்று சொல்லியிருக்கக்கூடும். சொல்ல ஆள் இல்லை.

எழுத்தும் செயலும்

பீபாடியார் தம் தாய்நாட்டையும் மறந்தாரில்லை. உள்நாட்டுப் போரால் பாழ்பட்ட அமெரிக்கத் தென்மாகாணங்களில் கல்வியை வளர்க்க 1867இல் 10 லட்சம் டாலரும், 1869இல் மேலும் 10 லட்சமும் அளித்தார். தேவையையும் பயனையும் தவிர வேறு வேறுபாடு பாராமல் மக்கள் அனைவர்க்கும் இந்நிதி பயன்பட வேண்டும் என்று எழுதிவைத்தார். அடிமைத்தளை நீங்கிய கருப்பு மக்களும் அந்த அனைவரில் அடங்குவர் அன்றோ! ஆனால் அந்நிதியை நடத்திய பார்னஸ் சியர்ஸ் என்பவர் கருப்பர் பள்ளிக்கு வெள்ளையர் பள்ளியினும் குறைவாகவே பணம் வழங்கினார். இரு நிறத்துப் பிள்ளைகளும் ஒன்றாக அமரும் பள்ளிகளுக்கு உதவ மறுத்தார். வள்ளலின் எழுத்து சமமாக இருந்தது. பணத்தைப் பங்கிட்ட கை சமமாக இல்லை.

லண்டனில் ஏழைகளுள் ஏழைகளும், அமெரிக்காவில் கருப்பு மக்களும் தம் பங்கைப் பெறாமற் போனமைக்குக் காரணம் ஒன்றே. எவர்பொருட்டு நிதி வைக்கப்பட்டதோ, அவர்கள் அதனை நடத்தும் இடத்தில் இல்லை. சாசனத்தில் உள்ள நல்ல சொல் தானாக நடவாது. அதனை நடத்துவிக்க ஆள் வேண்டும்.

மறைவும் புகழும்

விக்டோரியா மகாராணியார் பீபாடியாருக்குப் பட்டம் அளிக்க விரும்பியபோது அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அரசியார் கைப்பட ஒரு கடிதம் போதும் என்றார். கடிதத்தோடு அரசியாரின் சிறிய உருவப்படமும் அவருக்குக் கிடைத்தது. அவர் பிறந்த தென் டான்வர்ஸ் 1868இல் பீபாடி என்றே பெயர் மாற்றிக்கொண்டது. 1869ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் லண்டன் வாணிக மன்றத்தருகே அவருக்குச் சிலை திறந்தனர். அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் நண்பர் லாம்ப்சன் இல்லத்தில் பீபாடியார் உயிர் நீத்தார். அரசர்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் உடலைச் சில வாரம் வைத்திருந்து, பின்னர் மோனார்க் என்னும் போர்க்கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பினர். 1870ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள், பிறந்த ஊருக்கு அருகில் சேலம் நகரத்து இடுகாட்டில் தம் குடும்பத்தாரிடையே அடக்கமானார். கடையைப் பெருக்கிய சிறுவனுக்கு இரு நாடுகளும் அரச மரியாதை செய்தன.

அவர் நிறுவிய அறநிலையம் இன்றும் லண்டனில் பணி செய்கின்றது. கமர்ஷியல் தெருவின் முதல் மனை பிற்காலத்தில் அறநிலையத்தின் கையை விட்டுப் போயினும், கட்டடம் நின்றுகொண்டிருக்கின்றது. 2022இல் வேறொரு வீட்டுவசதி நிறுவனத்தோடு இணைந்தபின், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் அதன் நிருவாகத்தில் வந்தன. 1862இல் எழுதிய ஒரு கடிதம் இத்தனை தலைமுறை கடந்தும் மக்களுக்கு நிழல் தருகின்றது.

நம் சேரிக்குக் குழாய் போடவும், கழிப்பிடம் கட்டவும், மருந்தகம் நடத்தவும் நிதி வருமாயின், கொடுத்தவருக்கு நன்றி கூறுவது நம் கடமை. நன்றி கூறிய வாயாலேயே சில கேள்விகள் கேட்பதும் நம் கடமை. குழுவில் நம் தெருப் பெண்கள் எத்தனை பேர்? கழிப்பிடத்தைக் கழுவும் முறை எல்லார் வீட்டுக்கும் வருமா, ஒரு வீட்டுக்கு மட்டுமா? பழுதுபார்க்க அடுத்த ஆண்டு பணம் எங்கிருந்து வரும்? விதியை முழுதும் நிறைவேற்ற இயலாமல் வெளியே நிற்கப்போகிறவர் எவர்? நம் சங்கங்கள் மாதந்தோறும் காலணா அரையணாவாகச் சேர்த்த சிறுநிதிக்கும் இக்கேள்விகள் பொருந்தும். நாமே தருமகர்த்தாக்களாக அமரும்போது, நம்மினும் எளியவர் ஒருவர் நம் வாயிலுக்கு வெளியே நிற்கக்கூடும். அவரை அழைத்து, நம் பாயில் இடம் ஒதுக்கி அமரச் செய்த பின்னரே கணக்குப் புத்தகத்தைத் திறத்தல் வேண்டும்.